அட்டையில் ஏறிய வேதாளம்

மனித உணர்ச்சிகளுள் அச்சம் மிகப் பழைமையானது. தமிழ் இலக்கண மரபு இவ்வுணர்ச்சியைச் சிறுமையானதென்று ஒதுக்கவில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டினுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கினையும் கூறுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத தெய்வமும் பேயும், காட்டில் திரியும் கொடுவிலங்கும், பொருள் கவரும் கள்வரும் ஒருபுறமிருக்க, தம்மை ஆள்வோரும் அச்சத்துக்குரியோர் வரிசையில் வைக்கப்பட்டிருப்பது மனங்கொள்ளத்தக்கது. தமிழ் வாசகர் பலரின் இளமையோடு ஒன்றிக் கலந்துவிட்ட பேய்க் கதைச் சித்திரங்களையும் அவற்றைத் தாங்கிவந்த அட்டைப் படங்களையும் இப்பாகுபாட்டின் துணைகொண்டு நோக்குமிடத்து, வெறும் பொழுதுபோக்கென்று கருதப்பட்டவற்றினுள் ஒரு சமூக வரலாறு உறைந்திருப்பதைக் காணலாம்.

அச்சந்தரும் காட்சிகளைக் கலையாக்குதல் மேனாட்டிலிருந்து வந்த வழக்கமென்பது பொருந்தாது. மணிமேகலை சக்கரவாளக்கோட்டத்தை விரித்துரைக்குமிடத்தில், இடுகாட்டின் வழியே தனித்துச் சென்ற சார்ங்கலன் என்னும் சிறுவன், அங்கே கூத்தாடிய பேயொன்றைக் கண்டு நடுங்கி உயிர் துறக்கின்றான். அவனுடைய தாய் கோதமை தெய்வத்தை அழைத்து நீதி கேட்கின்றாள். கலிங்கத்துப்பரணி காளி கோயிலையும் அங்குறையும் பேய்களையும் பாடி, போர்க்களத்திலே அவை கூழ் அட்டு உண்பதைச் சொல்லி, அச்சத்தையும் நகையையும் ஒன்றாகக் குழைத்துத் தருகின்றது. காரைக்காலம்மையார் பேயுருவைத் தாமே வேண்டிப் பெற்றார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. வற்றிய உடலோடு தாளமிட்டு அமர்ந்திருக்கும் அம்மையாரின் செப்புத் திருமேனிகளைக் கண்டோர், கோரத்தையும் அழகாக வடிக்கலாம் என்பதைத் தமிழ்ச் சிற்பிகள் அறிந்திருந்தனர் என்று உடன்படுவர்.

அச்சு இயந்திரம் வந்தபின் இம்மரபு மலிவுத் தாளுக்கு இறங்கியது. 'பெரிய எழுத்து' என்ற அடைமொழியோடு வெளிவந்த கதை நூல்கள் மரத்திற் செதுக்கிய அச்சுப் படங்களைக் கொண்டிருந்தன. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை அவற்றுள் ஒன்று. வடமொழியில் சோமதேவர் பதினோராம் நூற்றாண்டில் ஆக்கிய கதாசரித்சாகரத்தில் இடம்பெற்ற இருபத்தைந்து வேதாளக் கதைகள், பல வாய்களையும் பல ஏடுகளையும் கடந்து தமிழ்ப் பொதுமக்களிடம் வந்து சேர்ந்தன. வடமொழியிலே சிம்சபா மரத்தில் தொங்கிய பிணம் தமிழில் முருங்கை மரத்தில் தொங்கலாயிற்று. வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிற்று என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். வேறொரு மண்ணில் விளைந்த அச்சத்தை வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்திலே கொண்டுவந்து தொங்கவிட்டமை, மக்கள் அக்கதையைத் தமதாக்கிக் கொண்டமைக்குச் சான்றாகும்.

ஊவாவின் பெருந்தோட்டங்களுக்கு இக்கதைகள் வந்த வழியும் மக்கள் வந்த வழியே. கோப்பிப் பயிருக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர், உடைமையென்று சொல்லத்தக்க பொருள் அதிகமின்றியே வந்தனர். எனினும் தெய்வங்களும் கதைகளும் அவர்களோடு கூடவே வந்தன. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை எனத் தொடரும் மலைகள் தெற்கே வெல்லவாயத் தாழ்நிலத்தை நோக்கிச் சரியுமிடத்தில் கொஸ்லந்த அமைந்துள்ளது. அருகே தியலும நீர்வீழ்ச்சி இருநூற்றிருபது மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்றது. மாலையில் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா மனிதனா என்று அறியவொண்ணாத இம்மலைச் சரிவுகளிலே, மாடசாமியும் முனியாண்டியும் மரத்தடியிலும் மலைமுகட்டிலும் குடியேறினர். தமிழகத்துக் கிராமத்தில் இல்லாத ஒரு தெய்வமும் இங்கே பிறந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்திலே உறைவதாக நம்பப்பட்ட ரோதைமுனியே அது. இயந்திரத்தின் வாயில் கையைக் கொடுத்து வேலை செய்தோர் அதனுள் ஓர் அணங்கைக் கண்டமை வியப்பன்று.

இம்மக்களின் கலைகளிலும் அச்சத்துக்கு இடமிருந்தது. காமன் கூத்திலே வீரபத்திரனும் எமனும் வேடந்தரித்து இரவிலே தோன்றும்போது, லயத்து வாசலில் நின்ற சிறுவர் தாயின் முந்தானைக்குள் ஒளிவர். எழுத்தறிந்த ஒருவர் விளக்கொளியில் உரக்க வாசிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்ட வழக்கமும் தோட்டங்களில் நிலவியது. தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்புக்கு மேற் செல்லாதிருந்த காலத்தில், கதை முதலிற் காதுக்கே உரியதாயிருந்தது. அதனைக் கண்ணுக்குக் கொண்டுவந்த பெருமை சித்திரச் சஞ்சிகைகளைச் சாரும். வாசிக்கத் தெரியாதவரும் அட்டையைப் பார்க்கலாம். படத்தைப் பார்த்துக் கதையைத் தாமே கட்டிக்கொள்ளலாம். இவ்வகையில் அட்டைப் படம் எழுத்தறியாதோருக்கும் திறந்திருந்த முதல் பக்கம் எனலாம்.

1947ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையிலிருந்து 'சந்தமாமா' தெலுங்கிலும் 'அம்புலிமாமா' தமிழிலும் ஒருங்கே வெளிவந்தன. திரைப்படத் துறையிற் புகழ்பெற்ற நாகி ரெட்டியும் சக்கரபாணியும் இவ்விதழ்களைத் தொடங்கினர். 1952 முதல் 1980இல் தாம் மறையும்வரை கொடவட்டிகண்டி குடும்பராவ் இதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். பக்கந்தோறும் படம் என்பது இவ்விதழின் இயல்பு. அதற்கென ஓவியர் குழுவொன்று நிறுவனத்துள்ளேயே அமர்ந்து பணியாற்றியது. மகாபாரதக் காட்சிகளை அட்டைகளில் தீட்டிய எம். டி. வி. ஆச்சார்யா, அரக்கரும் மாயக்காரரும் உலவும் தொடர்கதைகளுக்கு உருவங்கொடுத்த சித்ரா, வா.பா. என்ற சுருக்கப் பெயருடன் வண்ண அட்டைகள் வரைந்த வட்டாதி பாப்பையா, வேதாளத்துக்கு நிலையான வடிவமளித்த சங்கர் ஆகியோர் இக்குழுவிலே குறிப்பிடத்தக்கவர்கள்.

சங்கரின் இயற்பெயர் சிவசங்கரன். 1924இல் பிறந்த அவர், சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைவராயிருந்த சென்னை ஓவியப் பள்ளியிலே பயின்று, சிலகாலம் கலைமகளிற் பணியாற்றி, 1952இல் அம்புலிமாமாவில் இணைந்தார். அறுபது ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020 செப்டெம்பர் 29ஆம் நாள் அவர் மறைந்தபின், 2021இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஶ்ரீ விருதை வழங்கியது. வேதாளக் கதைகளின் தலைப்பில் அவர் வரைந்த படம் ஒன்றே அவர் பெயரை நிலைநாட்டப் போதுமானது. உருவிய வாளைக் கையிலேந்தி, பிணத்தைத் தோளிலே சாய்த்து, விக்கிரமன் நடந்து வருகின்றான். சுற்றிலும் சுடுகாடு, நிலத்திலே மண்டையோடுகள், பின்னே இருண்ட மரம். அச்சத்துக்குரிய யாவும் அங்கே உள்ளன. ஆயினும் கண் சென்று நிலைகொள்வது அரசனின் முகத்திலேயே. அதில் நடுக்கமில்லை, வீறாப்புமில்லை. சுமையைச் சுமக்க ஒருப்பட்டவனின் நிதானமே காணப்படுகின்றது. பிணத்தை வரைவது எளிது. பிணத்தைச் சுமப்பவனின் நடையை வரைவதே அரிது. சங்கர் அதனை வரைந்தார்.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. அம்புலிமாமாவின் அட்டைகள் பெரும்பாலும் அச்சமூட்டுவன அல்ல. புராணக் காட்சிகளும் அரச சபைகளும் வண்ணமயமான கானகங்களுமே அவற்றை நிறைத்திருந்தன. வேதாளம் உள்ளே இருந்தது. ஒளிபொருந்திய வாயிலைக் கடந்து சென்றவர்க்கே சுடுகாடு காட்டப்பட்டது. சிறுவருக்கான இதழொன்றில் அச்சத்தை எங்கே வைத்தல் தகும் என்பதைப் பற்றிய ஓர் அடக்கம் அவ்வமைப்பில் இருந்ததெனக் கருதலாம்.

அதே காலப்பகுதியில் அமெரிக்காவில் நிகழ்ந்தவற்றோடு இதனை ஒப்பிடுதல் பயன்தரும். 1950இல் வில்லியம் கெயின்ஸ் என்பவரின் ஈ. சி. நிறுவனம் திகிற் சித்திரக் கதை இதழ்கள் மூன்றைத் தொடங்கியது. கல்லறைக் காவலன், நிலவறைக் காவலன், கிழச் சூனியக்காரி ஆகிய மூவர் அக்கதைகளைச் சொல்லுவோராய் வந்து, கோரத்தைக் கேலியோடு கலந்து பரிமாறினர். கிரகாம் இங்கல்ஸ், ஜாக் டேவிஸ், ஜோனி கிரெய்க் போன்றோர் வரைந்த அட்டைகள் கடைவாசலில் நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்தன. அழுகிய பிணம் மண்ணைக் கிளறி எழுவதும் பூட்டிய கதவின் பின்னிருந்து கை நீள்வதும் அவற்றிற் கண்ட காட்சிகள். அவற்றின் ஓவியத் திறனை இன்று கலை விமர்சகர்கள் போற்றுகின்றனர். அன்று போற்றியோர் சிறுவர்களே.

1954இல் உளமருத்துவர் பிரெட்ரிக் வெர்த்தாம் எழுதிய நூல், இத்தகைய இதழ்கள் இளைஞரைக் குற்றத்துக்குத் தூண்டுகின்றன என்று குற்றஞ்சாட்டியது. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் நாள் செனட் சபையின் விசாரணைக் குழு முன்பு கெயின்ஸ் தோன்றினார். ஒரு கையிற் கோடரியும் மறுகையில் வெட்டுண்ட பெண்ணின் தலையுமாக ஒருவன் நிற்கும் அட்டைப் படமொன்றை உயர்த்திக் காட்டி, இது நல்ல சுவைக்குரியதா என்று செனட்டர் கீபோவர் வினவினார். திகிற் கதை அட்டையென்ற வகையில் அது நல்ல சுவைக்குரியதே என்று கெயின்ஸ் விடையளித்தார். அவ்விடை அவருடைய தொழிலைக் கவிழ்த்தது எனலாம். அவ்வாண்டின் இறுதிக்குள் பதிப்பாளர்கள் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதித் தொகுப்பை வகுத்தனர். 'திகில்' என்னும் பொருள்படும் சொற்கள் தலைப்புகளிலிருந்து நீக்கப்பட்டன. நடமாடும் பிணங்களும் இரத்தம் குடிக்கும் பேய்களும் பிணந்தின்னிகளும் விலக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டெம்பரில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே, இரும்புப் பற்கள் கொண்ட பேயொன்றைத் தேடிச் சிறுவர் கூட்டம் இடுகாட்டுள் புகுந்தது. பழி அமெரிக்கச் சித்திரக் கதைகள்மீது சுமத்தப்பட்டது. 1955இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இவற்றுக்கு எதிராகச் சட்டமியற்றியது.

அமெரிக்கா நடமாடும் பிணத்தை அட்டையிலிருந்தும் ஏட்டிலிருந்தும் விரட்டிய அதே 1950களில், சென்னையிலே ஒரு பிணம் அரசன் தோளிலேறி மாதந்தோறும் கதை சொல்லிக்கொண்டிருந்தது. அதனைத் தடைசெய்ய எந்தச் சபையும் கூடவில்லை. அமெரிக்க விதிகளின்படி நோக்கின் வேதாளக் கதையின் முதற் படமே வெளிவந்திருக்க இயலாது. ஒரே பொருள் ஓரிடத்தில் குற்றமாகவும் வேறோரிடத்தில் பாலபாடமாகவும் கொள்ளப்பட்டமைக்குக் காரணம் என்ன? நம்மவர் அச்சத்துக்குப் பழகியவர் என்று கூறுதல் போதாது. கதையின் அமைப்பிலேயே இதற்கு விடை உள்ளது.

ஈ. சி. இதழ்களின் கதை பெரும்பாலும் ஒரு தண்டனையோடு முடியும். கொலையுண்டவன் எழுந்து வந்து கொன்றவனைப் பழிவாங்குவான். வாசகன் திடுக்கிட்டு ஏட்டை மூடுவான். வேதாளக் கதை முடிவது ஒரு வினாவோடு. யார் பெருந்தன்மையுடையவர், யாருக்கு உரிமை உண்டு, யார்மீது குற்றம் என்று வேதாளம் கேட்கும். விடையறிந்தும் வாய் திறவாவிடின் அரசனின் தலை வெடித்துச் சிதறும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து பிணம் மரத்துக்கே திரும்பும். உண்மையைச் சொன்னால் உழைப்பு வீணாகும். சொல்லாவிடின் உயிர் போகும். இந்த இக்கட்டிலே விக்கிரமன் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லித் தன் உழைப்பை இழக்கின்றான். இழந்தபின் மீண்டும் மரத்தை நோக்கி நடக்கின்றான். வடமொழி மூலத்தில் இருபத்தைந்தாவது கதையோடு இச்சுற்று முடிவடைகின்றது. அம்புலிமாமாவிலோ புதிய கதைகள் புனையப்பட்டு அச்சட்டகத்தினுள் சேர்க்கப்பட்டமையால், பல பத்தாண்டுகளாக அந்நடை முடிவுறவில்லை. இளம் வாசகன் பேயைக் கண்டு அஞ்சுவதற்கு முன்னர், அப்பேயின் கேள்விக்குத் தானும் விடை தேடத் தொடங்கிவிடுகின்றான். அச்சம் இங்கே சிந்தனையின் வாயிலாகின்றது.

தொல்காப்பியர் கூறிய நான்காவது நிலைக்களனை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். பெருந்தோட்டத்துச் சிறுவனுக்கு அணங்கும் விலங்கும் கள்வரும் இரவுக்குரிய அச்சங்கள். பகலுக்குரிய அச்சம் வேறு. கங்காணியின் குரலும் துரையின் குதிரைக் குளம்பொலியும், பிற்காலத்தில் அவரது மோட்டார் சைக்கிளின் ஓசையும், பெரட்டுக் களத்தில் நின்றோரை நிமிரச் செய்தன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தம் இறையினிடத்துப் பிறக்கும் அச்சம் இதனிலும் பெரிதாய் இருத்தல் அரிது. இந்த அச்சத்தை எந்தச் சஞ்சிகையும் அட்டையில் வரையவில்லை. ஆயினும் அரசனொருவன் ஏவலாளர் எவருமின்றி நள்ளிரவிலே தானே சுமை சுமந்து, பிணத்தின் கேள்விக்கும் பொறுப்போடு மறுமொழி சொல்லும் காட்சி, ஆள்வோரைக் கேள்வி கேட்க இயலாதிருந்தோரின் பிள்ளைகளுக்கு எத்தகைய கனவாக இருந்திருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஈழத்து எழுத்துக்கு இது ஊக்கமளித்தது என்பதை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பர். சிறுவரின் சித்திர வாசிப்பிலோ ஒரு வெற்றிடம் தோன்றியது. தோட்டங்களிலே 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம் மக்களை வாட்டிய காலமும் அதுவே. மாவுக்கே வழியற்ற வீட்டில் சஞ்சிகைக்கு இடமேது? பழைய பிரதிகளின் பெறுமதி அதனாலேயே உயர்ந்தது. ஒரே ஏடு பல கைகளுக்கு மாறியது. அதே பத்தாண்டில் சிங்கள மொழியில் 'சித்திர கதா' இதழ்கள் செழித்தன. 1951இல் ஜி. எஸ். பெர்னாண்டோவின் 'நீலா'வோடு தொடங்கிய அம்மரபு தனக்கெனப் பெரும் வாசகர் கூட்டத்தைத் திரட்டியது. எழுபதுகளின் பிற்பகுதியில் அம்புலிமாமாவும் 'அம்பிலி மாமா'வாகச் சிங்களத்திற் பேசத் தொடங்கியது. இனங்கள் ஒன்றையொன்று அஞ்சப் பழகிய காலத்தில், இரு மொழிச் சிறுவரும் ஒரே வேதாளத்துக்கு அஞ்சினர் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இதற்கிடையே தமிழகத்தின் தென்கோடியில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1920களில் கல்கத்தாவிலிருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த இரு நாடார் இளைஞர்களால் வளம்பெற்ற சிவகாசி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய வண்ணச் சீட்டுக்களை அச்சிடும் பொருட்டு அச்சுத் தொழிலின் தலைநகராயிற்று. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவரது மாணாக்கரும் வரைந்த முருகனும் இலட்சுமியும் சிவகாசியில் அச்சாகி நாட்காட்டிகளாக வீடுதோறும் தொங்கின. அந்நகரிலிருந்தே 1972இல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். 1984 ஜூலையில் அவரது மகன் விஜயன் லயன் காமிக்ஸை வெளியிட்டார். தீப்பெட்டிச் சீட்டையும் பட்டாசு உறையையும் சுவாமி படத்தையும் அச்சிட்ட அதே நகரின் வண்ண உணர்வே சித்திரக் கதை அட்டைகளிலும் படிந்தது. பளிச்சிடும் சிவப்பும் மஞ்சளும் ஆழ்ந்த நீலமும் தூரத்திலிருந்தே கண்ணைப் பற்றின. மங்கிய வெளிச்சமுள்ள பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் ஏடு அவ்வாறுதான் தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரித்தானிய வார இதழொன்றில் தோன்றி, ஸ்பானிய ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோவின் கைவண்ணத்தில் வளர்ந்த பாத்திரம் அது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றிலே மிதக்கும். வேதாளக் கதையில் உயிரற்ற உடலைக் கண்ட வாசகன், இங்கே உடலற்ற கையைக் கண்டான். இயந்திரம் மனித உறுப்பை விழுங்கித் தானே உறுப்பாகிவிடும் இக்கற்பனை மேனாட்டுத் தொழில் யுகத்தின் அச்சத்திற் பிறந்தது. சக்கரத்தினுள் ரோதைமுனியை வைத்து வணங்கிய சமூகத்துக்கு அது முற்றிலும் அந்நியமானதாக இருந்திருக்க நியாயமில்லை.

1986இல் அதே பதிப்பகத்தார் 'திகில் காமிக்ஸ்' என்ற பெயரில் தனியிதழொன்றைத் தொடங்கினர். அமெரிக்கா முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தலைப்பிலிருந்து நீக்கிய சொல், தமிழிலே தலைப்பாக ஏறியது. கறுப்புக் கிழவி என்னும் கதைசொல்லி அவ்விதழின் வாசகருக்கு மறவா உறவினளானாள். ஈ. சி. இதழ்களின் கிழச் சூனியக்காரியை ஒத்த கதைசொல்லி தமிழில் நுழைந்தபோது, அடுப்படியில் அமர்ந்து பேய்க் கதை சொன்ன பாட்டியின் இருக்கை அவளுக்காக ஆயத்தமாயிருந்தது. முன்பு ஏட்டின் உள்ளே, சுடுகாட்டு மரத்திலே தொங்கிய அச்சம், சில பத்தாண்டுகளில் அட்டைக்கே ஏறிவிட்டது எனலாம். இம்மாற்றத்துக்கு அச்சுத் தொழிலின் வளர்ச்சியும் கடைத்தெருப் போட்டியும் முதன்மைக் காரணங்கள். முன்னைய இதழ் குடும்பத்துக்கு விற்கப்பட்டது. பின்னையது சிறுவன் தன் கைக்காசில் வாங்குவது. பெற்றோரின் நம்பிக்கையைப் பெறவேண்டிய அட்டை வேறு. சிறுவனின் ஆவலைத் தூண்டவேண்டிய அட்டை வேறு.

இவற்றின் குறைகளையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. கடன் வாங்கிய கதைகளுக்குப் பிற நாட்டு அட்டைகளைப் பார்த்து மீண்டும் வரைவது வழக்கமாயிருந்தது. மூல ஓவியரின் பெயர் பெரும்பாலும் மறைந்தது. மீள வரைந்தவரின் பெயரும் தெரியாதுபோயிற்று. அஞ்சி அலறும் பெண்ணுருவை மலிவான கவர்ச்சியாக்கிய அட்டைகளும் உண்டு. அட்டையிற் கண்ட பூதம் உள்ளே கதையில் இல்லாது ஏமாந்தோரும் பலர். எனினும் அடையாளந்தெரியாத அந்த ஓவியர்களிடம் ஒரு திறன் இருந்தது. ஒரே படத்தில், ஒரு சொல்லுமின்றி, 'அடுத்து என்ன நிகழும்?' என்ற வினாவை எழுப்புதல் வேண்டும். கதவு பாதி திறந்திருக்க வேண்டும். கை நீண்டிருக்க வேண்டும், ஆனால் தொட்டிருத்தலாகாது. அந்த ஒரு கணத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அட்டை ஓவியத்தின் கலை அடங்கியுள்ளது. வேதாளத்தின் வினாவை வண்ணத்தால் கேட்டவர்கள் இவர்கள்.

இவ்வளவும் இன்று எங்கே? அம்புலிமாமா 2007இல் மும்பை நிறுவனமொன்றின் கைக்கு மாறிச் சில ஆண்டுகளில் நின்றுபோனது. திகில் காமிக்ஸ் அதற்கு முன்பே மறைந்தது. சித்திரக் கதை ஏட்டில் முதலிற் கிழிவது அட்டையே. கண்ணைக் கவரும்பொருட்டு வெளியே வைக்கப்பட்டமையால், அதுவே கைகளுக்கும் ஈரத்துக்கும் முதலில் இரையாயிற்று. நூலகங்கள் இவற்றை இலக்கியமாகக் கருதிச் சேர்க்கவில்லை. தமிழகத்திலே செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியரான ரோஜா முத்தையா, பேரறிஞர் தீண்டாத மலிவு அச்சுக்களையும் சேர்த்து வைத்தார். அவருடைய சேகரிப்பே இன்று சென்னையிலுள்ள ஆய்வு நூலகமாக வளர்ந்துள்ளது. அட்டையின் அருமையை அறிய ஓர் ஓவியனே வேண்டியிருந்தது. இலங்கையிலே 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிந்தது. 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து ஏடுகளை மின்வடிவிற் சேமித்து வருகின்றனர். எனினும் மலையகத்து வீடுகளில் எந்தப் படங்கள் பார்க்கப்பட்டன, எவை சுவரில் ஒட்டப்பட்டன, எவை பிள்ளைகளின் கனவிலே வந்தன என்ற வரலாறு இனித்தான் எழுதப்படவேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் அவை 1983இல் நூலுருப் பெற்றன. மக்கள் பார்த்த படங்களுக்கும் அத்தகைய தொகுப்பாளர் ஒருவர் தேவை.

இத்தேவையின் அவசரத்தைக் கொஸ்லந்த உணர்த்தியது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தவின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. தொல்காப்பியர் வகுத்த நான்கு நிலைக்களன்களுள் மண் இடம்பெறவில்லை. காலூன்றி நிற்கும் நிலமே அச்சத்துக்குரியதாகும் என்பதை அவர் நினைத்திருக்கமாட்டார். மாண்டோர் போக மீண்டோரும், தலைமுறைகளாகச் சேர்த்த யாவற்றையும் இழந்தனர். ஒரு குடும்பத்தின் புகைப்படமும் பாடப் புத்தகமும் சுவரில் தொங்கிய சுவாமி படமும் பரணில் கிடந்த பழைய சஞ்சிகையும் மண்ணுக்கு ஒன்றே. அவ்விடத்தில் இடருண்டு என்னும் எச்சரிக்கை 2005, 2011ஆம் ஆண்டுகளிலேயே விடுக்கப்பட்டிருந்தது. அறிந்திருந்தும் செய்யவேண்டியது செய்யப்படவில்லை. விடையறிந்தும் வாய் திறவாதவனின் தலை வெடிக்கும் என்பது வேதாளம் இட்ட நிபந்தனை. வாழ்க்கையிலோ வாய் திறவாதவர் நலமாயிருக்க, வேறு எவர் தலைமீதோ மலை விழுந்தது.

சித்திரக் கதைகளை நினைந்து ஏங்குதல் இளமையை நினைந்து ஏங்குதல் மட்டுமாயின் அது விரைவில் அடங்கிவிடும். அவ்வேடுகள் கற்பித்த பாடமொன்று அடங்கற்குரியதன்று. அச்சத்தைக் கண்டு ஓடாது அதனைத் தோளில் ஏற்றுக்கொள்ளலாம். அதன் கேள்விகளுக்குச் செவிசாய்க்கலாம். விடை தெரிந்தால், அதனால் இழப்பு நேரினும், சொல்லியாக வேண்டும். விளக்கு வெளிச்சத்திலே அட்டையைத் தடவிப் பார்த்துப் பக்கம் புரட்டிய சிறுவரிடம் சங்கரின் விக்கிரமன் மாதந்தோறும் சொல்லாமற் சொன்னது அதுவே. வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறியிருக்கின்றது. அதனைத் தேடி இறக்கிச் சுமந்து வரவேண்டிய கடமை, இனி வரலாற்று மாணவருடையது.